நாற்பது தவளைகளும் நலமாக உறங்குகின்றன

மைசூரில் தூங்குவதற்குச் சம்பளம் கொடுத்த அலுவலகங்கள் எத்தனையோ இருந்தன. தூக்கத்தை ஆராய்வதற்கென்றே ஏற்பட்டது ஒன்றுதான். குக்கரஹள்ளி ஏரியைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த ஒரு பழைய பங்களாவில் அது இருந்தது. வாசல் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்ததை நம் பாஷையில் சொன்னால், 'உயிரொடுக்க ஆய்வு நிலையம்'.

சில ஜீவராசிகளுக்கு ஒரு வித்தை தெரியும். தண்ணீரோ இரையோ இல்லாத காலத்தில் அவை சாவதுமில்லை, பிழைப்பதுமில்லை. மூச்சைச் சுருக்கி, இதயத்தை மெல்ல மெல்லத் தணித்து, ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். நல்ல காலம் வந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து வாழத் தொடங்கும். அந்த வித்தையைத் தவளையிடம் கற்றுக்கொண்டு மனிதனுக்குச் சொல்லித்தருவது நிலையத்தின் குறிக்கோள். நிலையத்து ஊழியர்கள் தவளைக்காகக் காத்திருக்காமல் தாங்களாகவே ஓரளவு தேறியிருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இயக்குநர் டாக்டர் பரத்வாஜ். அவருடைய அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து தங்கிவிட்டவர். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பரத்வாஜ் ஒரே பிரசங்கத்தைச் செய்வார். "அமெரிக்கால ஒரு தவளை இருக்கு. பனிக்காலத்துல ஐஸா உறைஞ்சு போயிடறது. ஹார்ட் நின்னுடறது. வசந்தம் வந்தா உருகி எழுந்து குதிச்சிண்டு போறது. கண்ணுக்குத் தெரியாத நீர்க்கரடின்னு ஒரு பூச்சி, வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடந்து ஒரு சொட்டு தண்ணில எழுந்துக்கறது. நாளைக்கு மனுஷன் தூங்கிண்டே நட்சத்திரத்துக்குப் போவான். வேலை இல்லாத பையன்களை வேலை வர்ற வரைக்கும் தூங்க வைக்கலாம். ரேஷன் மிச்சம், பஸ் எரிக்க மாட்டான். என்ன சொல்றேள்?"

விருந்தாளிகள் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த நிலையத்தில் தவளைகளைப் பார்த்துக்கொண்டவன் ஜடையன். ஹனூருக்கு அந்தப் பக்கம், தமிழ் எல்லையோரத்து ராமாபுரத்துக்காரன். மழை பொய்த்து நிலம் காய்ந்தபோது பெண்டாட்டி பூவாத்தாளையும் கைக்குழந்தை ஜீவிதாவையும் கூட்டிக்கொண்டு மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்து, அப்படியே நிலையத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தவன். சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நிலையத்துக் கணக்கில் அவன் எண்பத்தொன்பது நாளுக்கு மேல் ஒருபோதும் வேலை செய்ததில்லை. தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்பான் என்று, எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவனை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் அவன் அங்கே கிடையாது. அதற்கு மறுநாள் புதிதாக வேலை கேட்டு வந்தவனைப் போல மனு எழுதிக் கொடுத்துச் சேர்ந்துகொள்வான். பெயர் என்ன, ஊர் என்ன, முன் அனுபவம் உண்டா என்று குமாஸ்தா கேட்பார். இல்லை என்று எழுதச் சொல்லுவார். ஜடையனும் எழுதுவான்.

தொண்ணூற்றுநாலாம் வருஷம் மாசி மாதத்தில் பரத்வாஜ் அவனைக் கூப்பிட்டார். "ஜடையா, உங்க ஊர் ஏரி வத்திப் போச்சுன்னா தவளையெல்லாம் எங்கப்பா போறது?"

"மண்ணுக்குள்ள எறங்கிக்குமுங்க. மொத மழைக்கு மேல வந்துருமுங்க."

"நாப்பது கொண்டா."

ராமாபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடை உழவில் கொழு முனை பட்டு, உறங்கும் தவளை மண்கட்டியோடு புரண்டு வந்தால் மாட்டை நிறுத்திவிடுவார்கள். உழுகிறவன் சொம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்து அதன்மேல் கொப்பளித்து, திரும்ப மண்ணை மூடிவிட்டுத்தான் ஏரைத் தொடுவான். தூங்குகிற உசிரைத் தட்டி எழுப்பினால் நம் வீட்டுத் தூக்கம் போய்விடும் என்பது அவர்கள் பேச்சு. ஜடையனுடையது அப்படி மூடிய கை. அந்தக் கையாலேயே ஏரிப் படுகையைத் தோண்டி நாற்பத்தொரு கட்டிகளை எடுத்து ஈரச்சாக்கில் கட்டினான். எடுத்ததோடு நிற்காமல், "மழைக்குள்ளாற கொண்டாந்து விட்டுர்றனுங்க" என்று யாருமில்லாத ஏரியில் சத்தமாகவே சொன்னான். ஏரிக்குச் சொன்னானா தவளைக்குச் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்த நாளில் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடி, காட்டுப் பக்கத்துப் பாதையெல்லாம் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து சாக்கை இறக்கி, உள்ளே என்ன என்றார்கள். "தவளைங்க" என்றான். மண்ணல்லவா இருக்கிறது என்றார்கள். "தூங்குதுங்க" என்றான். இப்படி ஒரு பதிலை அந்தச் சாவடி அதுவரை கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மூன்று முத்திரை குத்திய நிலையத்துக் கடிதத்தை நம்பாமல் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே கண்ணை மூடி, கைகால்களை ஒடுக்கி, கைக்குழந்தை போல ஒன்று கிடந்தது. பார்த்த போலீஸ்காரர் தள்ளிப் போய்விட்டார். ஜடையன் அந்த ஒன்றைச் சாலையோரத்துப் புளியமரத்தடியில் புதைத்து வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு, மீதி நாற்பதோடு மைசூர் வந்து சேர்ந்தான்.

நாற்பதும் கூடத்தில் சிமெண்டுத் தொட்டிகளில் மண்ணுக்குள் வைக்கப்பட்டன. ஆனி மாதம் அமைச்சர் வந்து தண்ணீர் தெளித்து அவற்றை எழுப்புவார் என்று முடிவாயிற்று. அதற்குள் நிலையத்தில் செருப்புச் சத்தம் தடை செய்யப்பட்டது. கூடத்தைக் கடக்கிறவர்கள் இருமக் கூடாது. இருமல் உள்ளவர்கள் மருத்துவச் சான்றிதழோடு பின்வாசல் வழியாக வரலாம் என்று சுற்றறிக்கை வந்தது.

ஆனி வந்தது. அமைச்சர் வரவில்லை. சட்டசபை கூடியிருக்கிறது, தசராவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் மழைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது நாள் தவறாமல் வந்து ஓட்டுக் கூரையில் இறங்கியது. இடி ஒன்று விழுந்ததும் ஏழாம் தொட்டியில் மண் லேசாக வெடித்ததை ஜடையன் பார்த்தான். உள்ளே ஒன்று திரும்பிப் படுத்திருந்தது. சந்தோஷத்தில் இயக்குநர் அறைக்கு ஓடினான்.

பரத்வாஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அமைச்சர் இல்லாம எழுந்துண்டா நான் யாருக்கு என்ன பதில் சொல்றது? தவளைகளுக்கு மழை பெய்யறது தெரியவே கூடாது. புரியறதா?"

அன்றே சுற்றறிக்கையும் வந்தது. 'பருவமழை குறித்த எந்தச் செய்தியும், ஓசையாகவோ ஈரமாகவோ, உறங்கும் உயிரிகளை எட்டலாகாது.' விருந்தினர் விடுதியிலிருந்து இருபது இலவம்பஞ்சு மெத்தைகளை ஜடையன் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தொட்டிகளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான். வெளியே மைசூர் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்கள் காதில் மழையை விழவிடாமல் மூடுகிறோமே என்று அவனுக்கு இருந்தது. சொல்லுவதற்கு ஆளில்லை. இரண்டு நாளில் ஏழாம் தொட்டியின் வெடிப்பு அசையாமல் நின்றுபோயிற்று.

தசராவும் வந்து போனது. அமைச்சர் யானை ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். பிறகு தேர்தல் வந்தது. அமைச்சர் தோற்றார். புதிய அமைச்சருக்குப் புதிய அழைப்பு, புதிய கோப்பு. தவளைகள் மட்டும் பழையவை.

உறங்குகிற தவளை உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நிலையத்தில் ஒரு ஜெர்மன் மெஷின் இருந்தது. அது பழுதாகி, உதிரிப் பாகத்துக்காக பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று வருஷமாகக் காத்திருந்தது. ஜடையனுக்கு மெஷின் தேவைப்படவில்லை. கட்டியை உள்ளங்கையில் வைத்தால் போதும். உயிருள்ளது தன் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும், கையில் கனக்கும். போனது அப்பளம் மாதிரி இலேசாக இருக்கும். அடுத்த மாசியில் முப்பத்தொன்று கனத்தன. வைகாசியில் இருபத்து நான்கு.

அவன் போய்ச் சொன்னான். "சார், பதினாறு போயிருச்சுங்க. மிச்சத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனாப் பொழைச்சுக்கும்."

"மெஷின் சொல்லித்தா?"

"கை சொல்லுதுங்க."

"நோடப்பா, இங்க பாரு, செத்துப்போச்சுன்னு எழுதணும்னா ஹார்ட் துடிக்கலைன்னு மெஷின் சொல்லணும். மெஷின் ரிப்பேர். மெஷின் ரிப்பேரா இருக்கற வரைக்கும் நாப்பதும் உயிரோடதான் இருக்கு. இது என் அபிப்பிராயம் இல்லை, ரூல்." பரத்வாஜ் குரலைத் தணித்தார். அவர் கெட்ட மனிதரில்லை, அதுதான் கஷ்டம். "உன் ஃபைலையும் இதோட சேர்த்திருக்கேன். ஆவணியில அமைச்சர் வரார். தவளையை எழுப்பற மேடையிலேயே உன்னைப் பர்மனெண்ட்னு அறிவிக்கப் போறார். ஸ்வல்ப பொறு. தவளையே பொறுத்துண்டிருக்கு, உனக்கென்ன?"

வீட்டில் ஜீவிதாவுக்கு வரன் வந்திருந்தது. குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்ல மாதிரி. பையனின் அப்பா பழனிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்: பெண்ணின் அப்பாவுக்கு வேலை பர்மனெண்டா? ஆவணியில் சொல்கிறோம் என்று பூவாத்தாள் தவணை வாங்கியிருந்தாள்.

நிலையத்தில் ஹம்ஸா என்ற இளம் ஆராய்ச்சியாளர் இருந்தாள். தவளைகளைப் பற்றி அங்கே உண்மையாகவே கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளை நூலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் ஜடையனைத் தோட்டத்தில் நிறுத்தினாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"பத்தொம்போதுங்க அம்மணி."

"விழாவுக்கு இன்னும் பதினஞ்சு நாள். அதுவரைக்கும் தாங்காது, இல்லையா?"

"தாங்காதுங்க."

"வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தொண்ணூறாவது நாள். அன்னிக்கு நீங்க இந்த ஆபீஸ்லயே இல்லை. இல்லாத ஆள் தண்ணி ஊத்தினா யாரை டிஸ்மிஸ் பண்ணுவாங்க? நான் கூடத்துச் சாவியை ஜன்னல்ல வெச்சிடறேன். நானே ஊத்தலாம். ஆனா அதுங்க உங்க கைக்குத்தான் பழகினது."

பதினேழு வருஷமாகத் தன்னை அழித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நாளுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று ஜடையன் நினைத்ததேயில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊழியர்கள் சாப்பிட்டுவிட்டு ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்த நேரத்தில் கூடத்தைத் திறந்து உள்ளே போனான். இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். ஒவ்வொரு கட்டியாகக் கையில் வைத்துப் பார்த்தான். கனத்தவற்றைத் தனியாக எடுத்து ஒரே தொட்டியில் வைத்தான். பத்தொன்பது. குடத்தைச் சாய்க்க வேண்டியதுதான் பாக்கி.

காலையில் பூவாத்தாள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "ஒண்ணர வருசம் இருந்த உசிருங்க, பதினஞ்சு நாளு இருக்காதா? நம்ம புள்ளைக்கும் அதே பதினஞ்சு நாளுதானுங்களே." அவள் சொன்னதில் தப்பில்லை. இன்று இல்லாத ஆளை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் நாளைக்கு மனு எழுதிக்கொண்டு வருகிற ஆளைச் சேர்க்காமலிருக்க முடியும். ஹம்ஸா அம்மணி படித்தவள், நாளைக்கு என்று ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை.

குடம் இடுப்பை அழுத்தியது. பிறகு கட்டிகளைப் பழையபடி அந்தந்தத் தொட்டியில் வைத்துவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் வாசலிலிருந்த குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றினான். தன்னைவிடக் கேடுகெட்டவன் உலகத்தில் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. சாவியை ஜன்னலில் வைக்கும்போது நூலகத்திலிருந்து ஹம்ஸா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைகள் வாயைத் திறக்காமலே கெட்டன. விழாவுக்கு முதல் நாள் ஜடையன் நாற்பதையும் கையில் வைத்துப் பார்த்தான். ஒன்றுகூடக் கனக்கவில்லை.

விழா நன்றாக நடந்தது. நாதசுரம், சந்தன மாலை, வெள்ளிக் குடத்தில் காவேரித் தண்ணீர். அமைச்சர் கன்னடத்தில் பேசினார். அதன் சாரம் இது: "என் தொகுதியில் மூன்று வருஷமாக மழையில்லை. ஜனங்கள் தினமும் மனுவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாலையில் குடத்தை வைத்து மறிக்கிறார்கள். இந்தத் தவளைகளைப் பாருங்கள். ஒன்றரை வருஷம் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மனு உண்டா? ஒரு மறியல் உண்டா? விஞ்ஞானிகள் இந்த நல்ல குணத்தை ஜனங்களுக்கும் கொண்டுவந்துவிட்டால், ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் தண்ணீர் தெளித்து எழுப்பினால் போதும். வோட்டுப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்கள். என்னுடைய அரசு அதற்கு எல்லா உதவியும் செய்யும்."

கைதட்டல் ஓய்ந்ததும் அமைச்சர் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் தெளித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மண் கரைந்தது. கரைந்த மண்ணில் காய்ந்த தோல்களும் சின்னச் சின்ன எலும்புகளும் மிதந்தன. நாதசுரக்காரர் எப்போது ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீவாளியை உதட்டில் வைத்தபடி நின்றார்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஜடையன் முன்னால் வந்தான். கன்னடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் வாயில் தமிழ்தான் வந்தது. "எல்லாமே செத்துப்போச்சுங்க. நாந்தானுங்க கொன்னுட்டேன்."

என்ன சொல்கிறான் என்று அமைச்சர் பரத்வாஜைக் கேட்டார்.

பரத்வாஜ் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு மைக்கை வாங்கிக் கன்னடத்தில் பேசினார். "காவலாளி ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கிறான். உறக்கம் பரிபூரணம் என்கிறான். உலகத்தில் எந்தத் தவளையும் தண்ணீர் பட்டால் எழுந்துவிடும். அதில் விஞ்ஞானம் என்ன இருக்கிறது? அது தவளையின் இஷ்டம். அமைச்சரின் கையால் காவேரியே வந்து தெளித்தும் எழவில்லை என்றால், அதுதான் ஆழ்ந்த ஒடுக்கம். எந்தத் தேசமும் தொடாத ஆழத்தை மைசூர் தொட்டிருக்கிறது. இவற்றை எழுப்புவது எப்படி என்பதுதான் அடுத்த ஆராய்ச்சி. அதற்கு ஒரு பத்து வருஷமாவது வேண்டும்."

அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாகக் கொடுத்தார். ஜடையனுக்கு மேடையிலேயே நிரந்தர உத்தரவு வழங்கப்பட்டது. பதவியின் பெயர், முதல்நிலை உறக்கக் காவலர். ஓய்வு பெறும் வரை நாற்பது உயிரிகளையும் காவல் காக்க வேண்டும். தினமும் காலையில் நாற்பதும் உறக்கத்தில் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். எதற்காவது மரணம் நேர்ந்ததாகத் தெரியவந்தால் காவலரின் கவனக்குறைவாகக் கருதப்பட்டு வேலை போய்விடும். மற்றபடி எல்லாச் சலுகைகளும் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழனிமுத்து வீட்டார் நிச்சயத்துக்கு வந்தார்கள். பழனிமுத்து உத்தரவுக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மரியாதையோடு மடித்துக் கொடுத்தார். பூவாத்தாள் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். ஜீவிதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பதினேழு வருஷத்தில் அந்த வீட்டில் இத்தனை சிரிப்பு கேட்டதில்லை.

"அப்பறம் சம்பந்தி, ஆபீசுல என்னங்க வேலை?" என்றார் பழனிமுத்து.

"தவளையப் பாத்துக்கறதுங்க."

"செரமமுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுஞ் செய்யாம இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

"குடுத்து வெச்சவருங்க நீங்க" என்றார் பழனிமுத்து மனதார.

ஜடையன் பாயசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன், அழத்தான் செய்வான் என்று எல்லோரும் அவனைத் தேற்றினார்கள்.